தலைப்பில் ஒரு நிறம்

சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி ஏரியை ஒட்டிப் போகிற மண்பாதையில் கடைசியாக இருப்பது அந்த இறால் பண்ணை. அதற்கப்புறம் சேறும் உப்புப் பூண்டும்தான். பண்ணைக்குக் காவல் தருமலிங்கம். காவல் என்றதும் தொப்பி, விசில் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். இறாலுக்குத் தீனி போட வேண்டும். தண்ணீரை அடித்துக் காற்றேற்றுகிற ஏரேட்டர்களைப் போட்டு நிறுத்த வேண்டும். குளத்துக்குள் தொங்கவிட்ட தட்டைத் தூக்கி, தீனி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாரையும் நீர்க்காகமும் வந்தால் கத்தி விரட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் அவருக்குப் பிடித்தது. நாள் முழுக்க வாயைத் திறப்பதற்கு அது ஒன்றுதான் சாக்கு.

பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் பசியாவரம் தீவில். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்தே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. இனிமேல் தண்ணீரில் இறங்காதே என்று டாக்டர் சொன்ன அதே வருஷம் மனைவி ரங்கம்மாளும் காய்ச்சலில் போய்விட்டாள். தொழிலும் இல்லை, பொண்டாட்டியும் இல்லை என்றால் அந்தத் தீவில் ஓர் ஆண் என்னதான் செய்வான்? மீஞ்சூரில் இருக்கும் மகள் தேவதர்ஷினி வீட்டுக்குப் போனார். மருமகன் தங்கமான பையன். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, ஒற்றை அறை வீடு. அவன் இரவு வேலை முடித்து வந்து பகலில் படுத்துத் தூங்குவான். மாமனார் வெளியே படியில் உட்கார்ந்து, உள்ளே போனால் பையன் விழித்துக்கொள்வானே என்று மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருப்பார்.

"இங்கயே இரு நைனா, எங்க போற நீ?" என்று மகள் சொன்னது நிஜமான பாசத்தில்தான். ஆனால் அவர் பையைக் கையில் எடுத்தபோது அவள் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்து போனதையும் அவர் பார்த்துவிட்டார். அவள் மேல் கோபம் கிடையாது. வருத்தம் இருந்தது, அதை மறைப்பானேன். அந்த வருத்தத்தோடுதான் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்.

பண்ணைக் கொட்டகையில் முன்னால் இருந்த காவல்காரர் ஒரு சாக்கை விட்டுவிட்டுப் போயிருந்தார். எலி மருந்தாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தால், உள்ளே நிறையப் பழைய துப்பறியும் நாவல்கள். அட்டை கிழிந்தவை, ஓரம் கரையான் தின்றவை, யாரோ அடிக்கோடு போட்டவை. தருமலிங்கம் எட்டாவது வரை படித்தவர். எட்டாவதுக்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைகள்தான். முதல் புத்தகத்தை உதட்டை அசைத்து அசைத்துப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. சாக்கு பாதி காலியாவதற்குள் உதடு அசைவது நின்றுவிட்டது. துப்பறிவாளர் பைப்பைப் பற்றவைக்கும்போதே இவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இரு, சொல்லாத, நானே சொல்றேன்" என்று புத்தகத்தோடு பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

அப்போதுதான் அந்த விஷயம் அவர் கண்ணில் பட்டது. பாதிப் புத்தகங்களுக்குத் தலைப்பில் ஒரு நிறம் இருந்தது. 'ஊதாப் பூட்டு'. 'மஞ்சள் சைக்கிளில் வந்தவள்'. 'பச்சைப் பெட்டியின் மூன்றாம் சாவி'. 'சாம்பல் ஜன்னலுக்கு அப்பால் ஒருவன்'. உள்ளே திறந்தால் பழுப்புத் தாளும் கறுப்பு மையும்தான். நிறமெல்லாம் வாசலோடு சரி. பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கும்போது போகிறவன் வருகிறவன் கண்ணைப் பிடித்து இழுக்க ஏதாவது வேண்டுமே, அதற்காக வைத்திருப்பார்கள் என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். தருமலிங்கத்துக்கு அடுத்த வேலை இல்லை. உட்கார்ந்து யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

தலைப்பில் இருக்கிற நிறம் பொய். கதையை எழுதியவர் அதை முதல் பக்கத்திலேயே கொண்டுவந்து நம் மூக்குக்கு முன்னால் ஆட்டுவார். நாம் அந்த மஞ்சள் சைக்கிளையே வெறித்துக்கொண்டிருப்போம். காரியத்தை முடித்தவன் பக்கத்திலேயே, எந்த நிறமும் இல்லாமல், எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பான். நிறத்தைப் பார்க்காதே, டீ ஊற்றுகிறவனைப் பார். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது, சொல்லத்தான் ஓர் ஆள் இல்லை. முதலாளி பிரவீன் மீஞ்சூரிலிருந்து வாரத்துக்கொருமுறை காரில் வருவார், தட்டைப் பார்ப்பார், போவார். ஒருநாள் தருமலிங்கம் வேலிக் கம்பத்தில் இறகு காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகத்திடம் முழுசாக விளக்கிச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே தன்னை நினைத்துப் பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பெலிக்ஸ் வந்தான். ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். பெலிக்ஸ் பழவேற்காட்டில் பிறந்து, சுண்ணாம்புக்குளத்தில் கிறிஸ்டினாவைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கால்வாய் ஓரத்து வளைகளில் கம்பியை விட்டுச் சேற்று நண்டு பிடிப்பது தொழில். பிடித்த நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரக் கோணிக்குள் போட்டு, தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். கரையேறியதும் தருமலிங்கத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் கோணியை நீட்டினான். தருமலிங்கமும் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, கிழக்குக் குளத்துப் படியில் இறங்கி, தண்ணீரில் அமிழ்த்தி, படியோரக் கம்பில் கட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான், "குந்துப்பா" என்றார்.

இது ஏரியில் பிழைக்கிறவர்களுக்குள் இருக்கிற மரியாதை. உன் கரைக்கோ உன் படகுக்கோ ஒருவன் பிடித்த மீனோடும் நண்டோடும் வந்தால், வா என்று சொல்வதற்கு முன்னால் அவன் கையில் இருப்பதை வாங்கி உன் தண்ணீரில் வைக்க வேண்டும். வெயிலில் செத்துப்போனால் அவனுக்கு அன்றைய பிழைப்புப் போய்விடும் என்பதற்காக ஏற்பட்டது. அதெல்லாம் யாருக்கும் இப்போது ஞாபகம் இல்லை, மரியாதை மட்டும் நின்றுவிட்டது. வாங்கி வைத்தால், இரு என்று அர்த்தம். வாங்கவில்லையென்றால், இனி இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். வாயைத் திறந்து திட்டவே வேண்டாம். பசியாவரத்தில் கூடப் பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகளில் விசாரித்தால், கடைசியாக நடந்தது இதுவாகத்தான் இருக்கும். தம்பி நீட்டினான், அண்ணன் வாங்கவில்லை.

"இன்னாணா படிக்கிற?" என்று பெலிக்ஸ் கேட்டான்.

"ஊதாப் பூட்டு."

"கொலையா?"

"ரெண்டு."

"என்கிட்டயும் ஒண்ணு கீதுணா. கறுப்புக் குடைக்குள்ள மூணு பேரு. எங்க மாமனார் வூட்டுப் பரண்ல கெடந்துச்சு. எடுத்தாரட்டுமா?"

தருமலிங்கத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயது மனுஷனுக்கு ஒரு கிழிந்த புத்தகத்துக்காக இப்படி அடிக்கலாமா என்று கேட்காதீர்கள். புத்தகத்துக்காக அடிக்கவில்லை. 'எடுத்தாரட்டுமா' என்றால் இவன் திரும்பி வருவான் என்று அர்த்தம்.

திரும்பி வந்தான். குடையோடு வந்தான், அதாவது புத்தகத்தோடு. அதிலிருந்து அவர்களுக்குள் ஒரு விதி ஏற்பட்டது. தலைப்பில் நிறம் இருந்தால் மட்டும்தான் கைமாற்றிக்கொள்வது. நிறமில்லாத புத்தகத்தை அவரவர் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியது. ஏன் அப்படி என்று யாராவது கேட்டிருந்தால் இருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. விதி என்று ஒன்று இருந்தால் விளையாட்டு என்று ஒன்று இருப்பதாக ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். பெலிக்ஸ் கும்மிடிப்பூண்டிப் பழைய பேப்பர்க் கடையில் குந்திக் கிளறி, நிறம் போட்ட தலைப்பாகப் பொறுக்கி எடுத்து வருவான். "அண்ணனுக்கு ஒரு ரோஸ் கலரு மாட்டிச்சு" என்று கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்துவான்.

சண்டையும் போட்டார்கள். தருமலிங்கம் தன் கண்டுபிடிப்பைச் சொன்னதும் பெலிக்ஸ் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"நெறம்தான்ணா கொலைகாரன். அவன் மொத பக்கத்துலயே சொல்லிட்றான். நாமதான் நம்பமாட்டேங்கறோம். இவ்ளோ சுலுவா இருக்காதுன்னு நெனச்சு சுத்தி சுத்தி வரோம்."

"போடா. எவனாவது கொலைகாரன் பேர அட்டையில போடுவானா?"

"போடுவான். ஏன்னா எவனும் நம்பமாட்டான்."

ஒவ்வொரு புத்தகத்துக்கும் இந்த வழக்கு நடந்தது. தருமலிங்கம் வென்றால் பெலிக்ஸ் கடுங்காப்பி போட வேண்டும், பெலிக்ஸ் வென்றால் தருமலிங்கம். பெலிக்ஸ் வருகிற நாளில் அவர் முகம் மழித்துக்கொள்வார். எந்த நாளில் வருவான் என்று தெரியாததால் தினமும் மழித்துக்கொண்டார். மகள் போனில், "குரலே மாறிப்போச்சு நைனா, நல்லா சாப்பிடறியா?" என்று கேட்டாள். "சாப்புடறேன்மா" என்றார். பெலிக்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடுமோ என்று ஒரு பயம்.

தை மாதக் கடைசியில் கிழக்குக் குளத்தில் இறால் கரையோரமாக ஒதுங்க ஆரம்பித்தது. தட்டைத் தூக்கினால் போட்ட தீனி போட்டபடி கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். தலை ஓட்டில் அரிசிக் குருணை தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. போன் போட்டதும் பிரவீன் காரை விரட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதுப் பையன், நிலத்தை அடகு வைத்துப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவர். கூடவே மருந்துக் கடையிலிருந்து ஒரு டெக்னீஷியனையும் கூட்டி வந்திருந்தார். டெக்னீஷியன் ஓட்டை உரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளைப்புள்ளி" என்றார்.

தருமலிங்கத்துக்கு முதலில் தோன்றியது, நல்ல தலைப்பு, பெலிக்ஸிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் பிரவீன் கரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். லட்சக்கணக்கான உயிர் தண்ணீருக்குள் செத்துக்கொண்டிருந்தது.

"எப்படி சார் வரும் இது?" என்று பிரவீன் கேட்டார்.

"வாங்கின குஞ்சுலயே இருந்திருக்கலாம். வேற குளத்துத் தண்ணி கலந்தா வரும். செத்த இறாலப் பறவை தூக்கிட்டு வந்து போட்டா வரும். நண்டு வழியா வரும். ஆளுங்க கால் வழியா வரும்."

பிரவீன் எழுந்து தருமலிங்கத்திடம் வந்தார். "பெரியவரே, மெய்யாலுமே சொல்லு. உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலீங்க."

யோசிப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. பிரவீன் குனிந்து அவருடைய சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு, "நீதான் கால் கழுவாம எங்கனா போய் வந்திருக்கணும்" என்று ஆரம்பித்து, பெரியவர் சின்னவர் என்று பார்க்காமல் வாய்க்கு வந்தபடி பேசினார். தருமலிங்கம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போகும்போது பிரவீன் காரில் ஏறி உட்கார்ந்து, "உன்ன நிறுத்திடலாம்னா, இந்தக் காட்டுல உன்ன விட்டா எவன் வந்து குந்தினு இருப்பான்" என்றார். வேலை போகவில்லை என்பதை இதைவிட மோசமாக ஒருவரால் சொல்ல முடியாது.

குளம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் கொட்டி மூடினார்கள். கண்ணெரிச்சலோடு கரையில் நடந்துகொண்டே தருமலிங்கம் துப்பறிந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, சாக்குச் சாக்காகப் படித்த பழக்கம் சும்மா விடவில்லை. குஞ்சா? அதே குஞ்சுதான் மேற்குக் குளத்திலும் விட்டது, அது நன்றாகத் தின்றுகொண்டிருந்தது. தண்ணீரா? பொங்கலுக்கு முன்பே மதகை அடைத்தாயிற்று. பறவையா? பறவை இறங்காமல் குளத்துக்கு மேலே கட்டிய கயிறு ஒன்றுகூட அறுபடவில்லை. நண்டு ஏறாமல் கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கட்டிய வலையிலும் ஓட்டை இல்லை. அப்படியென்றால் எங்கே ஆரம்பித்தது? முதலில் இறால் ஒதுங்கியது படிப் பக்கம். படியோரத்தில் ஒரு கம்பு. கம்பில் ஒரு கயிற்றுத் தழும்பு.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கால்வாய் கால்வாயாக, பண்ணை பண்ணையாகச் சுற்றிப் பிடித்த நண்டு. அது மணிக்கணக்காக ஊறிய தண்ணீர் இந்தத் தண்ணீர். தன் கண்டுபிடிப்பு இவ்வளவு சரியாக இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. வெள்ளைப் புள்ளியை எல்லாரும் வெறித்துக்கொண்டிருக்க, காரியம் செய்தவன் பக்கத்தில் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தான்.

பெலிக்ஸ் மேல் ஒரு துளிக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் அவன் என்ன ஆவான்? ஒரு கெளுத்தி மீனின் முள் கையில் ஏறினாலே, பாவம், அதுக்கு எவ்வளவு வலிச்சுதோ என்கிறவன். அண்ணன் குளத்தை நான் கொன்றேன் என்று ஆயுசுக்கும் சுமப்பான். அதோடு, நண்டுக்காரனால் நோய் வந்தது என்று ஒரு வார்த்தை வெளியே போனால், கால்வாய் நெடுக எந்தப் பண்ணைக்காரனும் அவனைக் கரையில் ஏறவிட மாட்டான். சொல்லாமல் இருந்தாலோ, அடுத்த முறை வந்து கோணியை நீட்டுவான். வாங்கினால் இன்னொரு குளம் சாகும். வாங்காவிட்டால், போய்விடு என்று அர்த்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனை இழக்கிற வழியாகத்தான் இருந்தது.

கோடையில் கால்வாய் வற்றிக் கிடந்தது. அந்த மாதங்களில் பழவேற்காட்டுப் பக்கம் வலைக்குப் போய்விடுவது வழக்கம் என்று பெலிக்ஸ் முன்பே சொல்லியிருந்தான், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஆவணியில் பிரவீன் கடன் வாங்கிப் புதுக் குஞ்சு விட்டார். வாசலில் ஊதா மருந்து கரைத்த தண்ணீர்த் தொட்டி வந்தது, அதில் காலை நனைக்காமல் உள்ளே வரக் கூடாது. "நண்டு புடிக்கிறவன் எவனும் கரையில ஏறக் கூடாது, சொல்லிட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். இந்த முறையும் குளம் செத்தால் பிரவீனின் நிலம் போய்விடும் என்பது தருமலிங்கத்துக்குத் தெரியும்.

அவர் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். 'தண்ணியில மருந்து போட்டுகீதுடா, நண்டு செத்துடும், தோள்லயே வெச்சுக்க.' நல்ல பொய். மரியாதையும் கெடாது, ஆளும் போகமாட்டான். தீனி போடும்போதும் சோறு வடிக்கும்போதும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

புரட்டாசி முதல் மழைக்கு மறுநாள் பெலிக்ஸ் வந்தான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தவில்லை. நடந்து வந்து வலை வேலிக்கு வெளியே நின்றான். இளைத்திருந்தான். இடுப்பில் ஒரு புத்தகம் செருகியிருந்தது. தருமலிங்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு, தோளிலிருந்து கோணியை இறக்கி, வேலிக்கு மேலாக நீட்டினான்.

"இந்தாணா."

பழகி வைத்த பொய் தொண்டைவரைக்கும் வந்தது. பெலிக்ஸின் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, ஏரிதான். தருமலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஏரேட்டர்கள் சுற்ற, இறால் குஞ்சுகள் தண்ணீர்மட்டத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. இறால் துள்ளுகிற தண்ணீரில் நண்டு சாகும் என்று சுண்ணாம்புக்குளத்துப் பச்சைக் குழந்தைகூட நம்பாது. இது ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை? அவர் கை இரண்டும் பக்கத்திலேயே தொங்கின. கோணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பெலிக்ஸ் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றான். கை வலித்ததோ என்னவோ, கோணியை அடுத்த கைக்கு மாற்றி மறுபடியும் நீட்டினான். பிறகு மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டான்.

"செரிணா" என்றான்.

இடுப்பிலிருந்த புத்தகத்தை எடுத்து வேலிக் கம்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் கால்வாயைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் மறைகிற வரைக்கும் தருமலிங்கம் அசையவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். கெட்டவன் என்று ஒருவன் பெயர் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அது தன் பெயராகவே இருக்கட்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரங்கம்மாள் போன அன்று அழுத மாதிரி அழுதார்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'வெள்ளைச் சட்டைக்கு நாலு பொத்தான்'. படிக்காமலே வெகுநாள் வைத்திருந்து, ஒரு மழைநாளில் எடுத்தார். முதல் பக்கத்திலேயே வெள்ளைச் சட்டைக்காரன் வந்துவிட்டான். இவன் இல்லை என்று வழக்கம்போல அவனை ஒதுக்கிவிட்டுத் தேடினார். கடைசியில் பார்த்தால் அவனேதான். பெலிக்ஸ் ஜெயித்துவிட்டான். காப்பி போட வேண்டியது தருமலிங்கம். அன்று அவர் அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. குளம் நன்றாக இருந்தது. இறால் மளமளவென்று வளர்ந்தது, பிரவீன் முகத்தில் சிரிப்பு வந்தது. ஒருநாள் வரும்போது அவருக்கு ஒரு போர்வைகூட வாங்கிவந்தார். தருமலிங்கம் முகம் மழிப்பதை விட்டுவிட்டார்.

மார்கழியில் ஒருநாள் அரிசி வாங்கச் சுண்ணாம்புக்குளத்துக்குப் போனவர், கடைத்தெரு ஓரத்தில் கிறிஸ்டினா கருவாடு விற்றுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒருமுறை பெலிக்ஸோடு பண்ணை வாசல்வரை வந்திருக்கிறாள், அதனால் அடையாளம் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தார். அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணா! நல்லா கீறியாணா? இன்னா இப்படி எளச்சிப் பூட்ட?"

கோபமே இல்லாத அந்தக் குரல் அவரைக் குழப்பிவிட்டது. "பெலிக்ஸ் எப்படி கீறான்?" என்று மட்டும் கேட்டார்.

"அது காசிமேட்டுல ஐஸ் பேக்டரிக்குப் பூடுச்சுணா. நண்டுக் கம்பியத் தொடவே மாட்டேன்னுச்சு. நான் எவ்ளோ சொன்னேன், கேக்கல."

"ஏன்?"

கிறிஸ்டினா கருவாட்டின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். "உனக்குத் தெரியாதாணா? நண்டால ரெண்டு மூணு பண்ணையில நோவு வந்துச்சுன்னு ஊர்ல பேசிக்கினாங்க. ஒன் குளமும் செத்துப்போச்சுன்னு கேட்டதுலேர்ந்து அதுக்குச் சோறு எறங்கல. நாந்தான் பண்ணிட்டேன், நாந்தான் பண்ணிட்டேன்னு பொலம்பிச்சு. கோடை பூராவும் அதே பேச்சு. அப்பறம் ஒருநாள் சொல்லிச்சு, 'நான் போய் மூட்டைய நீட்டறேன். அண்ணன் வாங்கிச்சுனா நான் பண்ணல. வாங்கலன்னா நாந்தான்'னு. போச்சு. திரும்பி வந்து கம்பிய எடுத்துப் பரண் மேல போட்டுச்சு. மறுநாளே பஸ் ஏறிச்சு."

தருமலிங்கம் கடைத்தெரு நடுவில் நின்றார். எதை அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று வாயைப் பூட்டிக்கொண்டாரோ, அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் வந்திருந்தான். அவன் கேட்ட கேள்விக்கு இவர் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். துப்பறியும் கதை படிக்கிற ஆள் தான் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, அவனும் படித்தவன்தானே.

"போன் போட்டுக் குடும்மா" என்றார்.

வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பெலிக்ஸு, நாந்தான்டா."

"சொல்லுணா" என்றான்.

"குளத்த நீ சாவடிக்கலடா."

"உடுணா. தெரிஞ்சு போச்சு."

"கேளுடா." பொய் சொல்லத்தான் ஆரம்பித்தார். நோய் குஞ்சில் வந்தது, டெக்னீஷியன் சொன்னார் என்று சொல்லப் போனார். ஆனால் வாயில் வந்தது வேறு. அது வந்த பிறகுதான் அவருக்கே அது தெரிந்தது. "ஒருநாளாவது நீ மூட்டையத் தண்ணியில வெச்சியா? நீ நீட்டுன, அவ்ளோதான். வாங்கினு போய் வெச்சது நானு. ஒவ்வொரு தபாவும் நாந்தான் வெச்சேன். நீ படியில காலே வெச்சது கெடயாது."

யாரோ அங்கே பெலிக்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "தோ வரேன்" என்று அவர்களிடம் சொன்னான்.

"நீ வெக்காம எப்படிணா இருப்ப" என்றான். "நான் வந்தா நீ வெச்சுத்தான ஆவணும்."

"அப்ப மூட்ட இல்லாம வா. சும்மா கைய வீசினு வா. வந்து குந்து."

"சும்மா எப்படிணா வரது? வெறுங்கையோட வந்து வாசல்ல நின்னா நீ எத வாங்கி வெப்ப?"

கையை வீசிக்கொண்டு ஒருவர் கரைக்கு ஒருவர் போன ஆட்களைத் தருமலிங்கமும் பார்த்ததில்லை.

"எப்ப வர?" என்று கேட்டார்.

"பாக்கலாம்ணா. உடம்பப் பாத்துக்க." போன் வைத்துவிட்டான்.

பார்க்கலாம் என்றால் என்ன என்று தருமலிங்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீஞ்சூரில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று, "எப்ப நைனா திரும்பி வருவ?" என்று கேட்ட மகளிடம் அவரும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தார்.

கிறிஸ்டினா கருவாட்டுக் கூடையை விட்டு எழுந்து வந்து நின்றாள். முகம் முழுக்க ஆசை. "இன்னாணா சொல்லிச்சு? வருதாமா?"

"வரேன்னான்மா" என்று போனை அவள் கையில் கொடுத்தார்.